ஊட்டி பண்ணையில் ஓர் அறிவியல்... ஆண் உடலில் 74 நாள் பயணம்! விந்தணு உருவாகும் கதை

ஊட்டி என்றதும் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், மலை ரயில், சாக்லேட், வர்க்கி என்று வரிசையாக நினைவுக்கு வரும். சுற்றுலாப் பயணிகள் யாரும் எட்டிப் பார்க்காத ஓர் இடமும் அங்கே இருக்கிறது. அது உதகை மாவட்ட கால்நடைப் பண்ணை. மத்திய அரசின் ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் திட்டத்தின் கீழ், பாலினம் பிரிக்கப்பட்ட உறைவிந்து தயாரிக்கும் மையம் இங்கேதான் அமைந்திருக்கிறது.

பெயர் சற்றே புரியாதது போல இருந்தாலும் விஷயம் எளிமையானது. பால் மாடு வளர்ப்பவருக்குக் கிடேரிக் கன்று பிறந்தால் லாபம். காளைக் கன்று பிறந்தால் தீவனச் செலவுதான் மிச்சம். அதனால், பொலிகாளையின் விந்தணுக்களில் கிடேரியை உருவாக்கும் அணுக்களைத் தனியாகவும், காளையை உருவாக்கும் அணுக்களைத் தனியாகவும் இயந்திரம் மூலம் பிரிக்கிறார்கள். கிடேரிக்கான அணுக்களைக் குச்சியில் அடைத்து, உறையவைத்து, சினை ஊசியாகப் போடுகிறார்கள். பிறக்கும் கன்றுகளில் சுமார் 90 சதவிகிதம் கிடேரிதான்.

எப்படிப் பிரிக்க முடிகிறது? எக்ஸ் குரோமோசோம் உள்ள விந்தணு பெண். ஒய் குரோமோசோம் உள்ளது ஆண். மாட்டினத்தில் எக்ஸ் அணுவுக்குள் இருக்கும் மரபுப்பொருள், ஒய் அணுவில் இருப்பதைவிடச் சுமார் 4 சதவிகிதம் அதிகம். அணுக்களுக்குச் சாயம் ஏற்றி லேசர் ஒளியில் ஒவ்வொன்றாக ஓடவிட்டால், அதிக மரபுப்பொருள் உள்ளது அதிகமாக ஒளிரும். அந்த வித்தியாசத்தை வைத்துப் பிரித்துவிடுகிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் லாரன்ஸ் ஜான்சன் குழுவினர் 1989-ல் முயல்களில் இந்த முறையை வெற்றிகரமாகச் செய்து காட்டினார்கள்.

இதை எதற்காக ஒரு குடும்பப் பத்திரிகையில் சொல்ல வேண்டும்? காரணம் இருக்கிறது. 'கன்று கிடேரியா, காளையா என்று முடிவு செய்வது காளையின் அணுதான்' என்பது மாடு வளர்ப்பவர்களுக்கு இன்று சாதாரண விஷயம். அதே வீட்டில் மருமகளுக்கு இரண்டாவதும் பெண் குழந்தை பிறந்தால், பேச்சு கேட்பது என்னவோ அந்த மருமகள்தான். மனிதர்களிலும் தாயின் கருமுட்டையில் எக்ஸ் மட்டுமே இருக்கிறது. எக்ஸா, ஒய்யா என்பது தந்தையிடமிருந்து வருகிறது.

பெண் குழந்தை பிறந்தால் அவள் காரணம். குழந்தையே இல்லையென்றாலும் அவள்தான் காரணம். 'போதும், இனி வேண்டாம்' என்று முடிவெடுத்தால் அறுவை சிகிச்சைக்குப் படுப்பதும் அவள்தான். இந்த மூன்றிலும் ஆணின் பங்கு பாதிக்குப் பாதி. அந்தப் பாதியைப் பற்றித்தான் நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. பள்ளிப் பாடத்தில் இரண்டு பக்கம், தேர்வுக்கு ஒரு படம். அத்தோடு முடிந்துவிடுகிறது.

ஆண் உடலில் விந்தணு எப்படி உருவாகிறது, எப்படி முதிர்கிறது, அதை எது கெடுக்கிறது? கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

நொடிக்கு ஆயிரம்

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே தன் வாழ்நாளுக்கான கருமுட்டைகளோடு பிறக்கிறது. சுமார் 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை இருக்கும். புதிதாக உருவாவதில்லை, வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும்.

ஆண் உடலின் கணக்கு வேறு. ஆண் குழந்தையின் விதைகளில் மூல அணுக்கள் மட்டுமே இருக்கும். பருவ வயது வரும்வரை அவை தூங்கிக்கொண்டிருக்கும். 11 முதல் 14 வயதுவாக்கில் மூளையிலிருந்து உத்தரவு வந்ததும் உற்பத்தி தொடங்கும். பிறகு நிற்பதே இல்லை. ஆரோக்கியமான ஓர் ஆணின் உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 10 கோடி விந்தணுக்கள் உருவாகின்றன. ஒரு நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல்! இந்த வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் சில ஆயிரம் அணுக்கள் உருவாகியிருக்கும்.

இந்த உற்பத்தி நடக்கும் இடம், விதைகளுக்குள் சுருண்டு கிடக்கும் நுண்குழாய்கள். நூல்கண்டு போலச் சுற்றிக் கிடக்கும் இவற்றைப் பிரித்து நேராக நீட்டினால் பல நூறு மீட்டர் நீளம் வரும். உள்ளங்கைக்குள் அடங்கும் உறுப்புக்குள் அவ்வளவு நீளம்.

அணுவின் அளவு? தலை முதல் வால் நுனி வரை ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. 1677-ல் நெதர்லாந்தின் ஆன்டனி வான் லீவன்ஹூக் தானே செய்த நுண்ணோக்கியில் இவற்றைப் பார்த்து எழுதியபிறகுதான் உலகத்துக்கே தெரியவந்தது.

கொழுந்து தூளாவது போல...

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். கொழுந்து நேராகத் தூளாகிவிடுவதில்லை. வாட்ட வேண்டும், அரைக்க வேண்டும், நொதிக்க விட வேண்டும், உலர்த்த வேண்டும், கடைசியாகச் சலித்துத் தரம் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்தை அவசரப்படுத்தினாலும் டீ ருசிக்காது. விந்தணுவும் அப்படித்தான். கட்டம் கட்டமாகத்தான் உருவாகும்.

முதல் கட்டம், பெருக்கம். நுண்குழாயின் வெளிச்சுவரை ஒட்டி மூல அணுக்கள் இருக்கின்றன. இவை இரண்டிரண்டாகப் பிரியும். பிரிந்தவற்றில் சில மூல அணுவாகவே தங்கிவிடும். மற்றவை அடுத்த கட்டத்துக்கு நகரும். கவாத்து செய்தாலும் தேயிலைச் செடி மீண்டும் துளிர்ப்பது வேர் இருப்பதால்தானே? அந்த வேர் போன்றவை இந்த மூல அணுக்கள். இவை இருக்கும்வரை உற்பத்தி தொடரும். இவை அழிந்துவிட்டால் மறுபடி துளிர்க்காது.

இரண்டாவது கட்டம், பாதியாக்கம். நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள் உண்டு. தந்தையிடமிருந்து 46, தாயிடமிருந்து 46 என்று சேர்ந்தால் குழந்தைக்கு 92 ஆகிவிடும். அதனால் விந்தணுவும் கருமுட்டையும் தலா 23 குரோமோசோம்களோடு தயாராகின்றன. ஒரு செல் இரண்டு முறை பிரிந்து நான்கு அணுக்களாகிறது. அந்த நான்கில் இரண்டு எக்ஸ், இரண்டு ஒய். இந்தப் பிரிவின்போது தாத்தா வழி, பாட்டி வழி வந்த மரபுத் துண்டுகள் இடம் மாறிக் கலக்கின்றன. ஒரே பெற்றோருக்குப் பிறந்த அண்ணனும் தம்பியும் வேறு வேறு மாதிரி இருப்பதற்கு இந்தக் கலப்பு முக்கியக் காரணம்.

மூன்றாவது கட்டம், உருமாற்றம். அதுவரை உருண்டையாக இருந்த அணு, இப்போது பயணத்துக்குத் தயாராகிறது. மரபுப்பொருள் இறுக்கமாகச் சுருட்டித் தலைக்குள் வைக்கப்படுகிறது. தலையின் மேல், கருமுட்டையின் உறையைத் துளைக்க உதவும் நொதிகள் நிறைந்த ஒரு தொப்பி உருவாகிறது. நடுப்பகுதியில் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் சுருள் போல அடுக்கப்படுகின்றன. பின்னால் வால் முளைக்கிறது. தேவையில்லாத சதைப்பற்றை எல்லாம் அணு உதறிவிடுகிறது.

இந்த மூன்று கட்டங்களும் முடிய ஆகும் காலம், சுமார் 74 நாள்கள். 1960-களின் தொடக்கத்தில் ஹெல்லர், கிளெர்மான்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கதிரியக்க அடையாளம் இட்டு இந்தக் கணக்கைக் கண்டறிந்தார்கள். பிற்காலத்து ஆய்வுகளில் சிலருக்கு இரண்டு மாதங்களிலேயே அணு வெளிவருவதும் தெரிந்தது. பொலிகாளைக்கு இந்தக் காலம் சுமார் 61 நாள்கள்.

செவிலித்தாய் செல்கள்

நுண்குழாய்க்குள் வளரும் அணுக்களுக்குத் தனியாக ரத்தக்குழாய் கிடையாது. சாப்பாடு யார் போடுவது? அதற்கென்றே 'செர்டோலி' என்ற செல்கள் இருக்கின்றன. வளரும் அணுக்களை அணைத்துக்கொண்டு, உணவூட்டி, கழிவை அகற்றி, உதிர்ந்ததை விழுங்கிச் சுத்தம் செய்யும் செவிலித்தாய்கள் இவை.

இவற்றுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. நம் உடலின் எதிர்ப்புச் சக்தி குழந்தைப் பருவத்திலேயே 'இது நம் ஆள், இது அந்நியர்' என்று கற்றுக்கொள்கிறது. விந்தணுவோ பருவ வயதில்தான் பிறக்கிறது. எதிர்ப்புச் சக்தியின் பார்வையில் அது அந்நியர். தாக்கிவிடாமல் இருக்க, செர்டோலி செல்கள் ஒன்றோடொன்று இறுகச் சேர்ந்து ஒரு மதில் எழுப்பிக் காக்கின்றன.

குழாய்களுக்கு இடையே 'லேடிக்' என்ற செல்கள் உள்ளன. டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது இவைதான். மூளையின் பிட்யூட்டரி சுரப்பி இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. ஒன்று லேடிக் செல்களை வேலை வாங்கும். மற்றொன்று செர்டோலி செல்களை வேலை வாங்கும். விதைக்குள் டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தால்தான் உற்பத்தி நடக்கும்.

ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. உடம்பு ஏற வேண்டும் என்று டெஸ்டோஸ்டிரோன் அல்லது ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்பவர்கள் உண்டு. ஊசியால் ரத்தத்தில் அளவு ஏறியதும், 'போதுமான சரக்கு இருக்கிறது' என்று நினைத்து மூளை உத்தரவை நிறுத்திவிடும். விதைக்குள் சுரப்பு சரியும். கை பெருக்கும், விந்தணு எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்குக்கூடப் போகும். நிறுத்தினால் பெரும்பாலானோருக்குத் திரும்பி வரும். ஆனால் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். 'ஆண்மைக்கு ஊசி' என்று போட்டுக்கொண்டது தந்தையாவதற்கே தடையாக நிற்பதை மருத்துவர்கள் இன்று அடிக்கடி பார்க்கிறார்கள்.

நீந்தக் கற்கும் இடம்

74 நாள் முடிந்து வெளிவரும் அணுவுக்கு வால் இருக்கும், நீந்தத் தெரியாது. தொப்பி இருக்கும், கருமுட்டையைத் துளைக்கத் தெரியாது. பார்க்க முழுமையாக இருந்தாலும் இன்னும் முதிராத அணு அது.

விதையின் பின்புறம் தொட்டுக்கொண்டிருக்கும் 'எபிடிடிமிஸ்' என்ற சுருள்குழாய்தான் அதன் பயிற்சிப் பள்ளி. நீட்டினால் சுமார் 6 மீட்டர். அதன் தலைப்பகுதியில் நுழைந்து வால்பகுதிக்கு வந்து சேர இரண்டு நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். அந்தப் பயணத்தில் குழாய்ச் சுவர் சுரக்கும் புரதங்கள் அணுவின் மேல் படிகின்றன, மேல்தோல் மாறுகிறது. வால்பகுதிக்கு வரும்போது நேராக நீந்தும் திறமை வந்துவிடும். அங்கேயே காத்திருக்கும்.

அதன்பின் விந்துநாளப் பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் தரும் திரவத்தோடு கலந்து வெளியேறுகிறது. விந்து திரவத்தில் பெரும்பகுதி இந்தச் சுரப்பிகளின் நீர்தான். அணுக்களின் பங்கு மிகச் சிறியது. அதனால் திரவத்தின் அளவையோ நிறத்தையோ பார்த்து அணுக்கள் உள்ளனவா, இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

இத்தோடும் முடியவில்லை. பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்தபிறகுதான் அணுவுக்குக் கருமுட்டையைத் துளைக்கும் கடைசித் தகுதி கிடைக்கிறது. 1951-ல் சாங், ஆஸ்டின் என்ற இரு விஞ்ஞானிகள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். செயற்கைக் கருத்தரிப்பு சாத்தியமாக இது ஒரு முக்கியப் படி. ஆணின் உடல் தொடங்கிவைப்பதைப் பெண்ணின் உடல் முடித்துவைக்கிறது!

ஊட்டி குளிர் உதவுமா?

விந்தணு உற்பத்திக்கு உடலின் மற்ற பகுதிகளைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான வெப்பம் தேவை. விதைகள் உடலுக்கு வெளியே ஒரு பையில் தொங்குவது அதனால்தான். குளிரடித்தால் தசை சுருங்கி விதையை மேலே இழுக்கும். வெயிலில் தளர்ந்து இறக்கிவிடும். விதைக்குப் போகும் ரத்தத்தை, திரும்பி வரும் ரத்தம் சுற்றிப் பின்னிக் குளிரச்செய்யும் ஏற்பாடும் உண்டு.

அப்படியென்றால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் வாழ்பவர்களுக்கு விந்தணு கூடுதலாக இருக்குமா? அப்படி எண்ண வேண்டியதில்லை. வெளியே 5 டிகிரி இருந்தாலும் 35 டிகிரி இருந்தாலும் தனக்கு வேண்டிய வெப்பத்தை உடலே சரிசெய்துகொள்கிறது. ஜெர்சி போன்ற குளிர்நாட்டுக் காளைகளின் கதை வேறு. சமவெளி வெயிலில் அவற்றின் உடல் சூடேறி, விந்தின் தரம் குறையும். ஊட்டியின் குளிர் அவற்றுக்குச் சொந்த ஊர் போல.

ஒரு சுவாரஸ்யம்... மலையிலிருந்து இறங்கினால் வரும் முதுமலையில் யானைகளைப் பார்க்கிறோம் அல்லவா? ஆண் யானைக்கு விதைகள் வெளியே தெரியாது. வயிற்றுக்குள், சிறுநீரகங்களுக்கு அருகே இருக்கும். உடல் வெப்பத்திலேயே அதற்கு உற்பத்தி நடக்கிறது. எல்லா உயிர்களுக்கும் ஒரே விதி இல்லை. மனிதருக்கோ வெளியே இருந்தாக வேண்டும்.

பெற்றோர் இதைக் கவனமாகப் படிக்கவும். சில ஆண் குழந்தைகளுக்குப் பிறக்கும்போது ஒரு விதையோ இரண்டுமோ பைக்குள் இறங்காமல் வயிற்றிலோ தொடை இடுக்கிலோ தங்கிவிடும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக இறங்கும். இறங்கவில்லையென்றால் 18 மாதத்துக்குள் சிறிய அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும். 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று விட்டால் அந்தச் சூட்டில் மூல அணுக்கள் அழியத் தொடங்கும். பிற்காலத்தில் விதைப் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடும். குழந்தையைக் குளிப்பாட்டும்போது பாட்டியோ அம்மாவோ ஒருமுறை தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வளர்ந்த ஆண்களுக்கு வரும் 'வெரிகோசீல்' இன்னொன்று. விதைப்பையின் ரத்தநாளங்கள் புடைத்துச் சூடான ரத்தம் தேங்கும். சுமார் 15 சதவிகித ஆண்களுக்கு இது உண்டு. பலருக்குத் தொந்தரவே தராது. ஆனால் குழந்தையின்மைக்காகச் சிகிச்சைக்கு வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்காவது இது இருக்கிறது. தேவைப்பட்டால் சிகிச்சை செய்ய முடியும்.

இன்றைய காய்ச்சல்... மூன்று மாதம் கழித்துத் தெரியும்!

74 நாள் கணக்கைத் தெரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். இன்று பரிசோதிக்கும் விந்தணு, கிட்டத்தட்ட மூன்று மாதத்துக்கு முன்பு உருவாகத் தொடங்கியது. அன்று டைபாய்டோ டெங்குவோ வந்து காய்ச்சலில் படுத்திருந்தால், இன்று எண்ணிக்கை குறைவாக வரலாம். அது நிரந்தரக் குறை அல்ல. அதேபோல, இன்று சிகரெட்டை நிறுத்தினால் அடுத்த வாரமே பலன் தெரியாது. மூன்று மாதம் பொறுக்க வேண்டும். மருத்துவர்கள் மாத்திரை கொடுத்துவிட்டு 'மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்து வாருங்கள்' என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

புகை, மது, உடல் பருமன், கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய், பருவ வயதுக்குப் பிறகு வரும் பொன்னுக்குவீங்கி ஆகியவை விந்தணுவைப் பாதிக்கும். தொடர்ந்து வெக்கையில் நிற்கும் வேலையும் பாதிக்கக்கூடும். தேயிலை உலர்த்தும் இயந்திரத்தின் முன், பேக்கரி அடுப்பின் முன், கொதிகலன் அருகே வேலை செய்பவர்கள் மருத்துவரிடம் போகும்போது தங்கள் வேலையையும் சொல்லிவிட வேண்டும்.

தோட்டப் பகுதி மக்களுக்கு முக்கியமானது மருந்து தெளிப்பு. 1977-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி தயாரிக்கும் தொழிற்சாலையில் ஆண் தொழிலாளர்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். அவர்களில் யாருக்கும் சமீப காலத்தில் குழந்தை பிறக்கவில்லை. பரிசோதனை செய்யச் சொல்லி அவர்களே கேட்டார்கள். பலருக்கு எண்ணிக்கை மிகக் குறைவு. சிலருக்கு ஒரு அணுகூட இல்லை. அந்த மருந்து மூல அணுக்களையே தாக்கியிருந்தது. 1979-ல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்தியது. மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களும் பாதிக்கப்பட்டு, பல ஆண்டுகள் வழக்கு நடத்தினார்கள்.

எல்லா மருந்தும் டிபிசிபி அல்ல. ஆனால், அந்தத் தொழிலாளர்களின் அனுபவம் தரும் பாடம் எந்த மலைக்கும் பொருந்தும். தேயிலைக்கோ, உருளைக்கிழங்குக்கோ, கேரட்டுக்கோ மருந்து அடிப்பவர்கள் கையுறை, முகக்கவசம் இல்லாமல் இறங்கக் கூடாது. காற்றுக்கு எதிராக நின்று அடிக்கக் கூடாது. மருந்து பட்ட துணியோடு வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூக்கக் கூடாது. கவசம் தருவது நிர்வாகத்தின் கடமை. கேட்டு வாங்குவது தொழிலாளியின் உரிமை.

ஒரு பரிசோதனை, பல கண்ணீரை நிறுத்தும்

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் குழந்தையின்மைப் பிரச்னையைச் சந்திக்கிறார். இப்படித் தவிக்கும் தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. நம் வீடுகளிலோ, முதலில் பெண்ணுக்கு ஸ்கேன், பிறகு பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை, பிறகு பெண்ணுக்குக் கோயில் விரதம். ஆணின் முறை வருவதற்குள் சில ஆண்டுகள் ஓடிவிடும். அதற்குள் அவள் வயதும் ஓடிவிடும். அந்த ஆண்டுகளை எந்தச் சிகிச்சையாலும் திருப்பித் தர முடியாது.

விந்துப் பரிசோதனை, குழந்தையின்மைக்கான பரிசோதனைகளிலேயே எளிமையானது. ஊசி இல்லை, வலி இல்லை. 2 முதல் 7 நாள் இடைவெளிக்குப் பின் மாதிரி கொடுத்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி, குறைந்தபட்ச அளவுகோல்கள் இவை:

* மாதிரியின் அளவு: 1.4 மில்லிலிட்டர்
* ஒரு மில்லிலிட்டரில் அணுக்கள்: 1 கோடியே 60 லட்சம்
* அசையும் அணுக்கள்: 42 சதவிகிதம்
* முன்னோக்கி நீந்துபவை: 30 சதவிகிதம்
* சரியான வடிவம் கொண்டவை: 4 சதவிகிதம்

கடைசி வரியைப் பார்த்து அதிர்ச்சி அடைய வேண்டாம். நூற்றுக்கு 4 அணுக்கள் நல்ல வடிவில் இருந்தாலே அது இயல்பு. ரிப்போர்ட்டில் '96 சதவிகிதம் வடிவக் குறை' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துத் தூக்கம் தொலைப்பவர்கள் ஏராளம். அளவுகோலுக்குக் கீழே வந்தாலும் குழந்தை பிறக்காது என்று பொருள் இல்லை. ஒருமுறை குறைவாக வந்தால், இடைவெளி விட்டு மறுமுறை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எண்ணிக்கை பூஜ்ஜியம் என்று வந்தாலும் கதை முடியவில்லை. உற்பத்தி நடந்து, வழியில் அடைப்பு இருக்கலாம். அல்லது உற்பத்தியே குறைவாக இருக்கலாம். அடைப்பு என்றால் விதையிலிருந்தே நேரடியாக அணுக்களை எடுக்க முடியும். உற்பத்தி குறைந்தவர்களிலும் சிலருக்கு அங்கங்கே அணுக்கள் கிடைக்கும். ஒரே ஒரு அணுவைக் கருமுட்டைக்குள் செலுத்திக் கருவாக்கும் 'இக்சி' முறையில் முதல் குழந்தைகள் 1992-ல் பிறந்தன. அதற்கு முன்புவரை தந்தையாகவே முடியாது என்று ஒதுக்கப்பட்ட பலருக்கு இன்று வழி இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. 'வாலிப வயோதிக அன்பர்களே' என்று ஆரம்பிக்கும் லாட்ஜ் வைத்தியர்களின் பேச்சு இன்று யூடியூபுக்கு வந்துவிட்டது. 'ஒரு சொட்டு விந்து பல சொட்டு ரத்தத்துக்குச் சமம்' என்று பயமுறுத்துவார்கள். அதில் உண்மை இல்லை. அணுக்கள் வெளியேறாவிட்டாலும் உடல் அவற்றைச் சிதைத்து உறிஞ்சிக்கொள்ளும். புதியவை உருவாகிக்கொண்டே இருக்கும். சேமிப்புக் கணக்கு போல ஏறுவதும் இல்லை. செலவழித்தால் தீர்ந்துபோவதும் இல்லை. பெயர் தெரியாத லேகியத்துக்குக் கொடுக்கும் பணத்தில், தகுதியான மருத்துவரிடம் ஒரு பரிசோதனை செய்துவிடலாம்.

'போதும்' என்றாலும் அவள்தானா?

குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசி, 1971-ல் நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. குழந்தை பெறாமல் இருக்கும் காலத்துக்குப் பெண் தொழிலாளி ஒவ்வொருவர் பெயரிலும் மாதம் 5 ரூபாய் சேமிப்பில் போடப்படும். அதிகக் குழந்தை பெற்றால் அதில் ஒரு பகுதி கழிக்கப்படும். மக்கள்தொகை ஆய்வாளர்கள் உலக அளவில் பேசிய திட்டம் அது. கணக்கு திறந்தது பெண்ணின் பெயரில்தான். பணமும் அவளுக்கு, பொறுப்பும் அவளுக்கு.

இத்தனைக்கும், கருத்தடை செய்துகொள்பவர்களுக்கு 1956-லேயே பணம் கொடுக்கத் தொடங்கிய மாநிலம் நம்முடையது. ஆண்களுக்கான அறுவை சிகிச்சை அப்போது பரவலாக நடந்தது. 1975-77 நெருக்கடி நிலைக் காலத்தில் நாட்டின் பல பகுதிகளில் லட்சக்கணக்கான ஆண்களுக்குக் கட்டாயப்படுத்திச் செய்ததில் பயம் வேரூன்றிவிட்டது. அந்தப் பயம் இன்றும் போகவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பெண்கள் அறுவை சிகிச்சை செய்துகொண்டது 37.9 சதவிகிதம். ஆண்கள் செய்துகொண்டது 0.3 சதவிகிதம்.

இன்றைய முறையில் கத்தி வேண்டாம், தையல் வேண்டாம். விதைப்பையில் சிறு துளை போட்டு, விந்துக்குழாயை மட்டும் துண்டித்துக் கட்டிவிடுவார்கள். சில நிமிட வேலை; அன்றே வீட்டுக்குப் போகலாம். பெண்ணின் வயிற்றைத் திறந்து செய்வதோடு ஒப்பிட்டால் இது எளிது, ஆபத்தும் குறைவு.

'ஆண்மை போய்விடும்', 'தோட்ட வேலை செய்ய முடியாது' என்ற பயங்களுக்கு, இதுவரை படித்ததிலேயே பதில் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது லேடிக் செல்கள்; அது நேராக ரத்தத்தில் கலக்கிறது. துண்டிக்கப்படுவது அணுக்கள் போகும் குழாய் மட்டும். ஆசை, உடல்பலம், தாம்பத்தியம் எதுவும் குறையாது. விந்து திரவம்கூட முன்பு போலவே வரும். அணுக்கள் மட்டும் இருக்காது.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். குழாயில் ஏற்கெனவே காத்திருக்கும் அணுக்கள் வெளியேறச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பு தேவை. பிறகு பரிசோதனை செய்து, அணுக்கள் இல்லை என்று உறுதியான பின்னரே நிம்மதி. இதைச் சரியாகச் சொல்லாமல் விட்டு, இடையில் கரு உண்டானால், மனைவியின் மேல் சந்தேகப்படும் கொடுமையும் நடந்துவிடும். உண்மையில் காரணம் அந்த மூன்று மாதக் கணக்குதான்.

சட்டம் சொல்வது

மாட்டுக்குச் செய்வதுபோல மனிதருக்கும் விந்தணுவைப் பிரித்து ஆண் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். இந்தியாவில் அது குற்றம். 1994-ல் வந்த பாலினத் தேர்வுத் தடைச் சட்டம், 2003 திருத்தத்துக்குப் பிறகு கருவுறுவதற்கு முன்பே பாலினம் தேர்ந்தெடுப்பதையும் தடை செய்கிறது. விளம்பரம் செய்வதும் குற்றமே.

2022-ல் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. மலையில் இருப்பவர்கள் ஆலோசனைக்காக எல்லாவற்றுக்கும் கோவைக்கு இறங்க வேண்டிய நிலை மாறிவருகிறது. திருமணமாகி ஓராண்டு ஆகியும் கரு தங்கவில்லையென்றால், மனைவிக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து மருத்துவரைப் பார்க்க வேண்டும். டோக்கன் போடும்போது இரண்டு பெயரையும் கொடுங்கள். முதல் பரிசோதனை கணவருடையதாக இருக்கட்டும்.